திரையை இருட்டாக்குவது யார்? லினக்ஸில் ஸ்கிரீன்சேவரை மாற்றிய அனுபவம்

டெஸ்க்டாப்போடு கூடவே வந்த ஸ்கிரீன்சேவர் என் பொறுமையைச் சோதித்த விதம் கொஞ்சம் விசித்திரமானது. வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேண்டாத நேரத்தில் வேலை செய்யும், வேண்டிய நேரத்தில் செய்யாது. நீளமான வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது திரை பட்டென்று அணையும். லேப்டாப் மூடியைத் திறந்தால் சில சமயம் கருப்புத் திரையும் அதில் நகரும் மவுஸ் குறியும் மட்டும் இருக்கும்; கடவுச்சொல் கேட்கும் பெட்டி வராது. சரி, செட்டிங்ஸில் போய்ப் பார்க்கலாம் என்றால், எத்தனை நிமிடம், பூட்டலாமா வேண்டாமா என்ற இரண்டு கேள்விகளுக்கு மேல் அங்கே எதுவும் கிடையாது. ஓடும் படத்தின் வேகத்தைக் குறைக்கக்கூட வழியில்லை.

கடைசியில் அதை ஓரங்கட்டிவிட்டு எக்ஸ்ஸ்கிரீன்சேவருக்கு மாறினேன். நிரலை நிறுவுவது ஐந்து நிமிட வேலைதான். நேரம் பிடித்தது, அதற்கு முன்னால் செய்ய வேண்டிய துப்பறியும் வேலைக்கு. ஏனென்றால் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் திரையை இருட்டாக்கும் உரிமை ஒரே ஒரு நிரலிடம் இல்லை. நான்கு பேரிடம் இருக்கிறது. நால்வரும் தனித்தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டு, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். இது புரியாமல் எந்தப் புது நிரலைக் கொண்டுவந்தாலும் பழைய தொல்லை அப்படியே தொடரும்.

முதல் ஆள், திரையில் ஜன்னல்களைக் காட்டி விசைப்பலகையையும் மவுஸையும் கவனிக்கும் அடித்தள நிரலான எக்ஸ் சர்வரே. நாம் எதையும் நிறுவாவிட்டாலும் அதற்குள் ஒரு பழைய கால ஸ்கிரீன்சேவர் இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரையைக் கருப்பாக்கும். இரண்டாவது டிபிஎம்எஸ். இது மானிட்டருக்கே "தூங்கு" என்று சைகை அனுப்பும் முறை. இதுவும் எக்ஸ் சர்வரில்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு தனி. மூன்றாவது, நாம் வழக்கமாக ஸ்கிரீன்சேவர் என்று சொல்கிற பின்னணி நிரல். படம் காட்டுவது, பூட்டுவது இரண்டும் இதன் பொறுப்பு. நான்காவது, பவர் மேனேஜரும், அதன் பின்னால் இருக்கும் லாகின்டியும் (கணினியின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதி). கணினியையே சஸ்பெண்ட் செய்வது, அதாவது தூங்க வைப்பது, இவர்கள்தான். போதாததற்குப் பவர் மேனேஜர் டிபிஎம்எஸ் கணக்கிலும் கைவைக்கும்.

எது நம் திரையை அணைக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். எல்சிடி திரை கருப்பாக இருந்தும் மங்கலாக ஒளிர்ந்தால், பின்னணி விளக்கு இன்னும் எரிகிறது; யாரோ கருப்பு ஜன்னல் ஒன்றை விரித்திருக்கிறார்கள் என்று பொருள். அது முதல் ஆள் அல்லது மூன்றாவது ஆள். திரை முழு இருட்டாக இருந்தால் டிபிஎம்எஸ். ஒரு விசையைத் தட்டியதும் கடவுச்சொல் கேட்டால் பூட்டு நிரலும் அதில் சேர்ந்திருக்கிறது. கேட்காமல் நேரே டெஸ்க்டாப் வந்தால் திரை பூட்டப்படவில்லை என்று மட்டும் பொருள்.

எண்களாகப் பார்க்க விரும்பினால் டெர்மினலில் எக்ஸ்செட் கட்டளையைக் க்யூ என்ற எழுத்தோடு (xset q) கொடுங்கள். அது காட்டும் பட்டியலின் கடைசிப் பகுதியில் ஸ்கிரீன்சேவருக்கு எத்தனை விநாடி, டிபிஎம்எஸ் இயங்குகிறதா, ஸ்டாண்ட்பை, சஸ்பெண்ட், ஆஃப் மூன்றுக்கும் எத்தனை விநாடி என்று இருக்கும். அங்கே 600 என்று இருந்தால் பத்து நிமிடம். நீங்கள் எந்த செட்டிங்ஸிலும் பத்து நிமிடம் என்று வைக்கவில்லையென்றால், அந்த எண்ணை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். என் லேப்டாப்பில் வீடியோவுக்கு நடுவே திரையை அணைத்துக்கொண்டிருந்தது, நான் அதுவரை திட்டிக்கொண்டிருந்த ஸ்கிரீன்சேவர் இல்லை. பவர் மேனேஜர் அமைத்த டிபிஎம்எஸ் நேரம். ஆனால் மூடியைத் திறந்தால் வரும் கருப்புத் திரை விஷயத்தில் திட்டு சரியான ஆளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கருப்புத் திரை பலருக்கும் பழக்கமானது என்பதால் ஒரு வார்த்தை. சில பூட்டு நிரல்கள் தாங்களே பெட்டியை வரைவதில்லை. கணினி தொடங்கும்போது வரும் லாகின் திரையை வேறொரு மெய்நிகர் டெர்மினலில் (ஒரே கணினியில் தனித்தனியாக இயங்கும் திரைகளில் ஒன்றில்) திறந்து, நம்மை அங்கே மாற்றிவிடும். தூங்கி எழும் நேரத்தில் இந்த மாற்றமும், கிராபிக்ஸ் டிரைவர் விழித்தெழுவதும் ஒன்றோடொன்று மோதினால் திரை பாதி வழியில் நின்றுவிடும். அப்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்7, வராவிட்டால் எஃப்8 என்று தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் லாகின் பெட்டி அங்கே நமக்காகக் காத்திருக்கும். எனக்கு இது தெரிந்த பிறகு சேமிக்காத கோப்புகள் தப்பித்தன, எரிச்சல் மட்டும் தப்பவில்லை.

ஏன் எக்ஸ்ஸ்கிரீன்சேவர்? அதன் பெயரைக் கேட்டால் பறக்கும் வடிவங்களும் பச்சை எழுத்து மழையும் நினைவுக்கு வரும். 1992-இல் ஜேமி ஜவின்ஸ்கி வெளியிட்டது. இன்றும் அவரே பராமரிக்கிறார். படங்கள் இருநூறுக்கு மேல். ஆனால் என்னை இழுத்தது அதன் பூட்டு கட்டப்பட்டிருக்கும் விதம்.

எக்ஸ் சர்வர் பின்பற்றும் எக்ஸ்11 முறையில் பூட்டு என்பது தனிச் சலுகை பெற்ற எதுவும் இல்லை. உலாவி, கால்குலேட்டர் போல அதுவும் ஒரு சாதாரண நிரல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஜன்னலை விரித்து, விசைப்பலகையையும் மவுஸையும் தன் பிடிக்குள் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நிரல் ஏதோ காரணத்தால் செத்துவிட்டால் பிடி தளர்ந்து, பின்னால் இருந்த டெஸ்க்டாப் யார் முன்னாலும் திறந்து கிடக்கும். திண்ணையில் காவலுக்குப் படுத்திருப்பவர் எழுந்து போனால் கதவே இல்லாத வீடு மாதிரி. ஆகவே எக்ஸ்11-இல் நல்ல பூட்டு என்றால் முதலில் சாகாத நிரல் என்று பொருள். சாகாமல் இருக்க வேண்டுமென்றால் சிறியதாக இருக்க வேண்டும்.

அழகான பொத்தான்களும் தீம்களும் வேண்டும் என்று பூட்டு நிரலுக்குள் ஜிடிகே போன்ற பெரிய நூலகங்களை இழுத்தால், அந்த நூலகங்களில் இருக்கும் ஒவ்வொரு பிழையும் பூட்டின் பிழை ஆகிவிடும். 2021 ஜனவரியில் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப்பில் இதுதான் நடந்தது. பூட்டிய திரையில் திரைவிசைப்பலகையையும் உண்மையான விசைப்பலகையையும் குழந்தைகள் கன்னாபின்னாவென்று தட்டியதில் பூட்டு நிரல் விழுந்து டெஸ்க்டாப் திறந்துகொண்டது. கோளாறு திரைவிசைப்பலகைக்கான நூலகம் ஒன்றில். விரைவிலேயே சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் பூட்டுக்குள் என்னவெல்லாம் இருக்கலாம் என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

எக்ஸ்ஸ்கிரீன்சேவர் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் மையக்கருவை இன்னும் சிறிதாக்கி, படம் காட்டும் பகுதி, கடவுச்சொல் கேட்கும் பகுதி என்று தனித்தனி நிரல்களாக்கினார்கள். கடவுச்சொல் பெட்டி விழுந்தாலும் பூட்டு நீடிக்கும். ஒரு படம் விழுந்தால் திரை கருப்பாகும், திறக்காது. அந்தக் கடவுச்சொல் பெட்டி பார்க்கக் கொஞ்சம் பழைய பாணியில் இருப்பதற்கும் காரணம் இதுவே. எனக்கு அந்தப் பழைய பாணி பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள் செட்டிங்ஸில் அதன் தோற்றத்தை (தீம்) மாற்றிக்கொள்ளலாம்.

இனி மாற்றும் வேலை. டெபியன், உபுண்டு வழிவந்தவற்றில் இது பல பேக்கேஜ்களாக உடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அடிப்படைப் பேக்கேஜை மட்டும் போட்டால் கொஞ்சம் படங்கள்தான் வரும். முப்பரிமாணப் படங்களுக்கு ஜிஎல் என்ற பெயர் சேர்ந்த பேக்கேஜ், மிச்சப் படங்களுக்கு எக்ஸ்ட்ரா என்று முடியும் பேக்கேஜ்கள் தேவை. "எல்லாரும் சொல்கிற படம் என்னிடம் இல்லையே" என்று தோன்றினால் காரணம் அநேகமாக இதுதான்.

பழைய நிரலை உடனே அன்இன்ஸ்டால் செய்யத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அது டெஸ்க்டாப்பின் மெட்டா பேக்கேஜோடு (பல பேக்கேஜ்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் பேக்கேஜ்) கட்டப்பட்டிருந்தால், அதை நீக்கும்போது மெட்டா பேக்கேஜும் போகும்; பிறகு ஒருநாள் தேவையற்ற பேக்கேஜ்களைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தால் டெஸ்க்டாப்பின் பாதியும் கூடப் போகலாம். அதைவிட, தானாகத் தொடங்காமல் தடுப்பது பாதுகாப்பானது. டெஸ்க்டாப் செட்டிங்ஸில் தொடக்க நிரல்கள் என்ற பகுதியில் அதன் குறியை எடுத்துவிட்டு, எக்ஸ்ஸ்கிரீன்சேவரைச் சேர்த்தால் போதும். லாக்அவுட் செய்து திரும்ப வந்து, பழையது நிஜமாகவே ஓடவில்லையா என்று ஓடும் நிரல்களின் பட்டியலில் பாருங்கள். லைட்-லாக்கர், எக்ஸ்எஃப்சிஇ ஸ்கிரீன்சேவர், மேட் ஸ்கிரீன்சேவர் இவற்றில் ஒன்று இருக்கக்கூடும்.

இந்தச் சோதனை முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். உலாவியில் வீடியோ ஓடும்போது, "இப்போது திரையை அணைக்காதே" என்று அது டி-பஸ் வழியாக (நிரல்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் அமைப்பு) ஒரு கோரிக்கை அனுப்பும். அந்தக் கோரிக்கையை வாங்கும் முகவரி பொதுவானது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் அதை எடுத்துக்கொள்ள முடியும். பழைய ஸ்கிரீன்சேவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் கோரிக்கை அதற்குப் போய்ச் சேரும். எக்ஸ்ஸ்கிரீன்சேவருக்கு வீடியோ ஓடுவதே தெரியாது. புதிய நிரலிலும் வீடியோ நடுவில் படம் வருகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ஸ்கிரீன்சேவரில் இந்தக் கோரிக்கைகளைக் கவனிப்பது சிஸ்டம்டி என்று முடியும் ஒரு சிறு துணை நிரல். சஸ்பெண்டுக்கு முன் திரையைப் பூட்டுவதும் அதுதான். எனவே அது ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து டிபிஎம்எஸ். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் தன் செட்டிங்ஸில் உள்ள நேரத்தை எக்ஸ் சர்வரில் எழுதும்; பவர் மேனேஜர் அதன் மேலேயே தன் நேரத்தை எழுதும். யார் கடைசியாக எழுதினாரோ அவர் சொன்னதே நடக்கும். பவர் மேனேஜரில் திரை தொடர்பான மேலாண்மையை முழுதாக அணைத்துவிட்டு, சஸ்பெண்ட் வேலையை மட்டும் அதற்கு விட்டேன். அன்றோடு வீடியோ தொல்லை போனது.

பூட்டும் குறுக்குவிசை இன்னொரு ஓட்டை. எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்தினால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி, எந்தப் பூட்டு நிரலைக் கூப்பிடுவது என்று தேடும். செஷன் அமைப்பில் பூட்டுக் கட்டளை என்ற இடத்தில் எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் கட்டளையை லாக் என்ற விருப்பத்தோடு எழுதிவிட்டால் குழப்பம் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் முதல் முறை பூட்டிப் பார்ப்பதற்கு முன், உள்ளே வர இரண்டாவது வழி ஒன்று இருக்கட்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்து டெர்மினலில் லாகின் செய்ய முடிகிறதா என்று பார்த்து வையுங்கள். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது பாம் (PAM) என்ற அமைப்பு. மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்திருந்தால், அதற்கான சிறு கோப்பு இல்லாமல் சரியான கடவுச்சொல்லையே தவறு என்று சொல்லும் வாய்ப்பு உண்டு. அப்போது அந்த டெர்மினலிலிருந்து நிரலைக் கொன்றுவிட்டு வெளியே வரலாம். டெஸ்க்டாப் முழுக்க உங்களுடையது என்றால் இது வசதி. பலர் புழங்கும் இடத்தில், எழுத்து டெர்மினலில் லாகின் செய்த நிலையில் விட்டுப்போனால் பூட்டுக்கு அர்த்தமே இல்லை என்பதும் இதிலிருந்தே தெரியும்.

தீராத குறை ஒன்றும் உண்டு. ஏதாவது ஒரு மெனுவைத் திறந்து வைத்துவிட்டு எழுந்துபோனால் திரை பூட்டாமலே இருக்கலாம். எக்ஸ்11-இல் திறந்த மெனுவும் விசைப்பலகையையும் மவுஸையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிடி ஒருவரிடம் இருக்கும்போது இன்னொருவர் வாங்க முடியாது. இதை எந்த எக்ஸ்11 பூட்டாலும் தீர்க்க முடியாது. ஆகவே எழுந்துபோகும்போது நானே குறுக்குவிசையை அழுத்திப் பூட்டிவிடுகிறேன். தானியங்கிப் பூட்டு மறந்த நாளுக்கு மட்டும். அதற்கு நேரம் வைக்கும்போது இருட்டாவதற்குப் பத்து நிமிடம், பூட்டுவதற்கு அதன் பிறகு இரண்டு நிமிடம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். படம் வந்தவுடன் மவுஸை ஆட்டினால் கடவுச்சொல் கேட்காமல் திரும்பிவிடலாம். இந்தச் சின்ன அவகாசம் ஒரு நாளில் எத்தனை எரிச்சலைத் தவிர்க்கிறது என்பது பயன்படுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

படங்களுக்கு வருவோம், விளையாட்டு இல்லாமல் என்ன ஸ்கிரீன்சேவர்? அந்தக் காலத்து சிஆர்டி மானிட்டர்களில் ஒரே படம் நாள்கணக்கில் நின்றால் உள்ளிருக்கும் பாஸ்பர் பூச்சு அந்த வடிவத்திலேயே தேய்ந்துவிடும். அதற்காக வந்ததுதான் நகரும் படம். எல்சிடியில் அந்தத் தேவை போய்விட்டது. ஓஎல்இடி திரைகளில் வேறு வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் சிக்கனத்துக்கும் ஸ்கிரீன்சேவருக்கும் சம்பந்தம் இல்லை. எல்சிடியில் கருப்புப் படம் காட்டினாலும் பின்னணி விளக்கு தின்னும் மின்சாரம் குறையாது. முப்பரிமாணப் படம் என்றால் கிராபிக்ஸ் சிப்பும் சேர்ந்து உழைக்கும். மெய்நிகர் கணினியிலோ டிரைவர் சரியில்லாத கணினியிலோ அந்தச் சுமை முழுக்க சிபியுவின் தலையில் விழும், விசிறி அலறும். அப்படிப்பட்ட இடத்தில் டெகோ, சப்ஸ்ட்ரேட் போன்ற தட்டையான படங்கள் போதும். சப்ஸ்ட்ரேட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்: வெற்றுத் தாளில் விரிசல் போல ஒரு கோடு ஓடும், அதன் பக்கவாட்டிலிருந்து இன்னொரு கோடு கிளம்பும், கொஞ்ச நேரத்தில் மேலிருந்து பார்த்த நகரம் போல ஆகிவிடும். வேலையை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்கள் உண்டு.

எல்லாப் படங்களையும் ரேண்டமாக விட்டுவிடுவதற்கு முன் பட்டியலை ஒருமுறை மேய்ந்துவிடுங்கள். பிஎஸ்ஓடி என்ற படம் பல இயங்குதளங்களின் நொறுங்கிய திரைகளை அச்சு அசலாகக் காட்டும். விவரம் தெரியாதவர் பார்த்தால் கணினி போய்விட்டது என்று பவர் பட்டனை அழுத்திவிடுவார். வெப்கொலாஜ் இணையத்திலிருந்து கண்டபடி படங்களை எடுத்து ஒட்டும். எது வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. டெபியன் இந்த இரண்டையும் தனிப் பேக்கேஜாகவே பிரித்து வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது அட்வான்ஸ்டு பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு குறி. டெஸ்க்டாப்பின் படத்தை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று அது கேட்கும். அனுமதித்தால் டிஸ்டார்ட் போன்ற படங்கள் நம் திரையையே உருக்கியும் வளைத்தும் காட்டும். பார்க்க அருமை. ஆனால் பூட்டிய திரையில் நாம் படித்துக்கொண்டிருந்த கடிதம் வளைந்து நெளிந்து எல்லார் கண்ணிலும் படும். முதல் வேலையாக அந்தக் குறியை எடுத்துவிட்டு, படங்களுக்கு ஒரு புகைப்பட அடைவைக் காட்டினேன்.

அதே பக்கத்தில், எழுத்து காட்டும் படங்களுக்கு எந்த உரையைக் கொடுப்பது என்றும் சொல்லலாம். ஒரு கோப்பு, ஒரு நிரலின் வெளியீடு, ஓர் இணைய முகவரி, எதுவானாலும் சரி. தமிழ்ச் செய்யுள்கள் கொண்ட கோப்பைக் கொடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் வந்தன, ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொண்டன. இவை எழுத்து வரையப் பயன்படுத்தும் எக்ஸ்எஃப்டி நூலகம் குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்குவதால் வரும் கோளாறு அது. தமிழுக்கு வேண்டிய மறுவரிசைப்படுத்தல் அதில் கிடையாது. தமிழ் வரிகள்தான் வேண்டும் என்றால் அவற்றை லிப்ரேஆபீஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ அமைத்து, படங்களாகச் சேமித்து, புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் காட்டும் ஜிஎல்ஸ்லைடுஷோவுக்கு அந்த அடைவைக் காட்டிவிடலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எழுத்துருவையும் நம் விருப்பப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம்.

"இந்தப் பதிப்பு மிகப் பழையது" என்று எக்ஸ்ஸ்கிரீன்சேவர் உங்களிடம் முறையிட்டால் பயப்பட வேண்டாம். நிலையான வெளியீடுகளில் பழைய பதிப்பே நீண்ட காலம் இருப்பதால், பழைய பிழைகளைப் பற்றிய புகார்கள் தன்னிடம் வருகின்றன என்று ஜவின்ஸ்கி வைத்த அறிவிப்பு அது. 2016-இல் இதை வைத்து டெபியனில் பெரிய சர்ச்சையே நடந்தது. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். எனக்குப் புதிய பதிப்பு கிடைக்கும்போது போட்டுக்கொள்கிறேன்.

குறிப்பாகச் சொல்ல வேண்டியது, இதெல்லாம் எக்ஸ்11 செஷனுக்குத்தான் பொருந்தும். குனோம் டெஸ்க்டாப் தன் மூன்றாம் பதிப்போடு 2011-இல் நகரும் படங்களைக் கைவிட்டது. இப்போது அதன் பூட்டு குனோம் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டில் காவல் முறையே வேறு. ஸ்வேலாக் போன்ற பூட்டு நிரல்கள் பயன்படுத்தும் செஷன் லாக் நெறிமுறையில், பூட்டு நிரல் செத்தாலும், ஜன்னல்களைத் திரையில் அடுக்கிக் காட்டும் கம்போசிட்டர் திரையைத் திறக்காது. பூட்டு என்று பார்த்தால் எக்ஸ்11-ஐவிட இது பலமடங்கு மேல். என்னிடம் இருக்கும் வேலண்ட் கணினியில் அதன் சொந்தப் பூட்டையே விட்டுவிட்டேன், எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் பின்னணி நிரலை அங்கே ஓட்டுவதில்லை. சப்ஸ்ட்ரேட் பார்க்கத் தோன்றினால் அதை மட்டும் தனியாகத் திறந்துகொள்கிறேன். அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் ஒரு சாதாரண நிரல்தான். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் அடைவில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எக்ஸ்11 நிரல்களை வேலண்டில் ஓடவைக்கும் எக்ஸ்வேலண்ட் வழியாக ஒரு ஜன்னலில் ஓடும். அதைப் பெரிதாக்கிவிட்டு உட்கார்ந்தால் போதும், கடவுச்சொல் கேட்கும் வேலையும் கிடையாது.